ஏப்ரல் ஓடையில் மீன் ஏன் கடிக்கவில்லை? கேட்ஸ்கில் மலைகளில் வசந்தகால ஃப்ளை ஃபிஷிங்

நியூ ஜெர்சிக்குக் குடிவந்து முதல் வசந்தத்தைக் காணும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஏப்ரல் 1 அன்று நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் உள்ள ரோஸ்கோ ஊருக்குப் போய், பீவர்கில் ஆற்றில் காலை ஏழு மணி முதல் பகல் பன்னிரண்டு வரை இடுப்பளவு நீரில் நின்று, மேலே மிதக்கும் உலர் ஃப்ளைகளை, அதாவது இறகாலும் நூலாலும் முள்ளில் கட்டிய போலிப் பூச்சிகளை, மாற்றி மாற்றி வீசியும் ஒரு ட்ரௌட் மீன்கூடக் கடிக்கவில்லை, குறை தூண்டில் கோலிலா, ஃப்ளையிலா, கையிலா, பெரிய ஆற்றை விட்டுச் சிறிய துணையோடைகளுக்குப் போவதில் பயன் உண்டா?

கோலில் குறை இருக்க வாய்ப்பில்லை. கை பழகப் பழகச் சரியாகும். நீங்கள் போன நாளும் நின்ற நேரமும்தான் தவறு. பீவர்கில்லில் ஏப்ரல் முதல் நாள் காலை நீரின் வெப்பம் பெரும்பாலும் 40 பாரன்ஹீட், அதாவது 4 அல்லது 5 செல்சியஸ் அளவிலேயே இருக்கும். மீனின் உடற்சூடு நீரின் சூட்டைப் பின்பற்றுவது. அந்தக் குளிரில் அதற்குச் செரிமானம் மந்தம், அசைவு மந்தம், பசியும் மந்தம். நீரோட்டம் முகத்தில் அடிக்காத ஓர் ஆழமான மூலையைப் பிடித்துக்கொண்டு தரையோடு தரையாகக் கிடக்கும் மீன், நான்கடி மேலே மிதந்து போகும் ஓர் இறகுத் துணுக்குக்காக எழுந்து வராது. அந்த நேரத்தில் அங்கே மேற்பரப்பில் உண்மையான பூச்சியே இருந்திருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாத உணவின் போலியை நீங்கள் ஐந்து மணி நேரம் காட்டியிருக்கிறீர்கள்.

எனவே நீங்கள் முதலில் வாங்க வேண்டியது புதிய ஃப்ளை அன்று. கயிறு கட்டி நீரில் தொங்கவிடக்கூடிய ஒரு சிறிய வெப்பமானி. வசந்தகாலத்தில் நான் கோலை இணைப்பதற்கு முன்பே அதை நீரில் இறக்கிவிடுவேன். 45 பாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால் அடியில் மட்டும் முயற்சி செய்யலாம். 50-ஐ, அதாவது 10 செல்சியஸைத் தொட்டால் பூச்சிகள் வெளிவரத் தொடங்கும். 55 முதல் 65 வரை ட்ரௌட்டுக்கு நல்ல காலம். கோடையில் 68-ஐத் தாண்டினால் மீனைப் பிடித்துத் திரும்ப நீரில் விட்டாலும் அது பிழைக்காமல் போகலாம் என்பதால் கோலை மடக்கிவிட வேண்டும். ஏப்ரலில் அந்தக் கவலை இல்லை. இந்த எண் நாள் முழுவதும் ஒன்றாக இராது. இரவில் உறைபனி விழுந்து விடிந்தால் காலையில் 40-ஆக இருக்கும் நீர், மேகமூட்டமான இதமான நாளில் பிற்பகல் இரண்டு மணிக்குள் ஏழெட்டுப் பாகை ஏறிவிடும். ஆனால் உச்சி மலைகளில் பனி மிச்சமிருக்கும் ஆண்டுகளில், வெயில் நன்றாகக் காயும் நாள்தான் ஏமாற்றும்: வெயிலில் உருகிய பனிநீர் பிற்பகலில் வந்து சேர்ந்து, சட்டை போடாமல் நிற்கலாம் போன்ற வெயிலில் ஆறு காலையைவிடக் குளிர்ந்து, பெருகி ஓடும்.

இனி பூச்சிகள். இந்த மீன்பிடிப்பின் உயிர்நாடி மேஃப்ளை என்னும் நீர்ப்பூச்சி. மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசலை நம்மவர்கள் நினைத்துக்கொள்ளலாம். உறவுமுறையில் ஈசல் கறையானின் வகை, மேஃப்ளை வேறு இனம் என்றாலும், ஒரே நேரத்தில் கூட்டமாக வெளிவரும் வழக்கம் இரண்டுக்கும் பொது. சிறகு முளைத்த மேஃப்ளை ஓரிரு நாளில் வாழ்க்கையை முடித்துக்கொள்ளும். மேஃப்ளை ஏறக்குறைய ஓர் ஆண்டை நிம்ஃப் என்னும் இளம்பருவத்தில் ஆற்றடிக் கற்களில் கழித்து, நீர் போதிய அளவு சூடேறியதும் மேலெழுந்து, தோலுரித்துச் சிறகு விரிக்கும். சிறகு உலரும்வரை அது நீரின் மேல் படகுபோல மிதந்து செல்லும் அந்தச் சில நொடிகளே ட்ரௌட்டுக்கு விருந்து.

கேட்ஸ்கில் ஓடைகளில் மார்ச்சில் கரையோரப் பனியின் மேல் ஊர்ந்து திரியும் சிறிய கறுப்பு ஸ்டோன்ஃப்ளைகள்தாம் முதலில் கண்ணில் படும். ஏப்ரல் நடுவில், 50 பாரன்ஹீட்டை ஒட்டி, குவில் கார்டன் என்னும் மேஃப்ளை வரும். அதனுடன் சிறிய புளூ குவிலும், ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை ஹெண்ட்ரிக்சனும், அதையொட்டிக் கேடிஸ் வகைப் பூச்சிகளும், மே நடுவில் மார்ச் பிரவுனும், ஜூன் தொடக்கத்தில் பெரிய கிரீன் டிரேக்கும் வரும். மார்ச் பிரவுன் மேயில் வருவது ஏன் என்று கேட்க வேண்டாம். பெயர் இங்கிலாந்திலிருந்து வந்தது, பூச்சி இந்த ஊருடையது.

ஒரு வேலை செய்து பாருங்கள். அடுத்த முறை வேகமான ஆழமற்ற நீரிலிருந்து உள்ளங்கையளவு கல் ஒன்றைப் புரட்டி எடுங்கள். அடிப்பக்கத்தில், அழுத்தி ஒட்டவைத்ததுபோலத் தட்டையான தலையுடன், இரண்டே வால்களுடன் ஒரு பூச்சி நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்தால் அது குவில் கார்டனின் நிம்ஃப். மூன்று வால்களும் சற்றே பருத்த உடலும் கொண்டு தத்தித் தடுமாறுவது ஹெண்ட்ரிக்சனுடையதாக இருக்கலாம். அவற்றின் முதுகில் சிறகு உறங்கும் உறை நன்றாகக் கறுத்திருந்தால், வெளிவரும் நாள் நெருங்கிவிட்டது. குவில் கார்டனிடம் இன்னொரு வினோதம் உண்டு: மற்றவற்றில் பெரும்பாலானவை நீர்மட்டத்தில் தோலுரிக்க, இது ஆற்றடியிலேயே தோலைக் கழற்றிவிட்டுச் சிறகுடன் நீரைக் கிழித்து மேலே வரும். அதனால்தான் அந்த வாரத்தில் உலர் ஃப்ளையைவிட, நீருக்குள் அமிழ்ந்து ஓட்டத்தின் குறுக்கே ஊசலாடி மேலெழும் ஈர ஃப்ளை அதிக மீன்களைக் கொண்டுவருகிறது. பழைய ஆட்கள் இதைப் பூச்சியியல் படித்து அறியவில்லை. நீருக்குள் ஓடவிட்டு அறிந்தார்கள்.

ஹெண்ட்ரிக்சன் வேளையை ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு விடமாட்டீர்கள். மேகம் மூடிய பிற்பகல், மணி இரண்டேகால். அதுவரை செத்ததுபோல ஓடிக்கொண்டிருந்த ஆற்றில், சாம்பல் நிறச் சிறகை நிமிர்த்திக்கொண்டு முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ண முடியாதபடி பூச்சிகள் மிதந்து வரும். எதிர்க்கரைப் பாறையின் நிழலில் ஒரு மூக்கு மட்டும் எழும். நீரில் ஒரு வளையம் விரிந்து அழியும். அதே இடத்தில் இருபது நொடி கழித்து மறுபடியும். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் அடங்கி, ஆறு பழையபடி வெறும் தண்ணீராகிவிடும். காலையிலேயே வந்து களைத்துப்போய் ஒரு மணிக்குக் காரில் ஏறியவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மீன் நமக்குத் தண்ணி காட்டுவது என்பது இதுதான்.

இந்த ஃப்ளைகளின் பிறப்பும் இதே மலைகளில்தான். தியோடோர் கார்டன், நெவர்சிங்க் ஆற்றோரம் தனியாக வாழ்ந்து 1915-ல் காசநோயில் மறைந்தவர், 1890-ல் இங்கிலாந்தின் உலர் ஃப்ளை வல்லுநர் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதி, அவர் அனுப்பிய உலர் ஃப்ளை மாதிரிகளைப் பெற்றார். இங்கிலாந்தின் சுண்ணாம்பு நிலத்து ஓடைகள் அமைதியானவை. அந்த ஃப்ளைகள் கேட்ஸ்கில்லின் பாய்ச்சலில் மூழ்கின, அவை போலி செய்த பூச்சிகளும் இங்கே இல்லை. கார்டன் விறைப்பான சேவல் கழுத்திறகைச் சுற்றி, இவ்வூர்ப் பூச்சியின் நிறத்தில் கட்டியதுதான் குவில் கார்டன் என்னும் ஃப்ளை. அதன் உடல் மயில்தோகைக் கண்ணின் இழையிலிருந்து பஞ்சை உரித்தெடுத்த தண்டு. பூச்சியின் வயிற்று வரிகளை அது அப்படியே காட்டுகிறது. மயிலிறகும் சேவல் இறகும் இந்தத் தொழிலுக்கு இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகி வந்தவை. சைனா மூங்கில் பரவலாவதற்கு முன் பிளந்த மூங்கில் கோல்களை இழைத்ததும் கல்கத்தா மூங்கிலில்தான். கார்டனின் நண்பர் ராய் ஸ்டீன்ராட் 1916-ல், நரியின் இளஞ்சிவப்பு வயிற்று ரோமத்தை உடலாகச் சுற்றி ஹெண்ட்ரிக்சன் ஃப்ளையை உருவாக்கி, உடன் மீன்பிடித்தவரின் பெயரையே இட்டார். கார்டன் வாழ்ந்த பகுதி பின்னர் நியூயார்க் நகரின் குடிநீருக்காகக் கட்டிய நெவர்சிங்க் நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டது. லிவிங்ஸ்டன் மேனரில், பீவர்கில்லில் போய்க் கலக்கும் வில்லோவீமோக் ஓடைக்கரையில் உள்ள ஃப்ளை ஃபிஷிங் அருங்காட்சியகத்தில் அக்காலத்து ஃப்ளைகளைக் காணலாம். மழையால் ஆறு கலங்கிய நாளுக்கு அது நல்ல புகலிடம்.

துணையோடைகளைப் பற்றிக் கேட்டீர்கள். பயன் உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக அன்று. சிறிய ஓடை முதலில் சூடேறும் என்று பலர் எண்ணுகிறார்கள். கேட்ஸ்கில்லில் பெரும்பாலும் நேர்மாறு: உயரத்தில், மரநிழலில், பனிக்கு அருகில் இருப்பதால் மேலோடைகள் பின்தங்கும். அகன்று வெயில் படும் கீழாற்றில் முதலில் பூச்சி வெளிவந்து, நாளுக்கு நாள் அது மேல்நோக்கி நகரும். இதை அறிந்தவர் ஒரே ஹெண்ட்ரிக்சன் பருவத்தை, கீழே தொடங்கி வில்லோவீமோக்கின் மேற்பகுதி வரை துரத்திச் சென்று, ஏறக்குறைய இரண்டு வாரம் நீட்டிக்கொள்ளலாம். அணைகளின் அடியிலிருந்து குளிர்நீர் வெளியேறும் டெலவர் ஆற்றின் கிழக்கு, மேற்குக் கிளைகளிலும் வரிசை இதுவே, காரணம்தான் வேறு: அணைக்கு அருகே தாமதம், கீழே போகப்போக முன்னதாக. துணையோடையின் உண்மையான பயன் மழைக்குப் பின் தெரியும். பெரிய ஆறு தேநீர் நிறத்தில் மூன்று நான்கு நாள் ஓடும்போது, குறுகிய நீர்ப்பிடிப்பு கொண்ட சிற்றோடை ஒரே நாளில் வடிந்து தெளிந்துவிடும். ஊற்றுநீர் கலக்கும் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஊற்று ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் வருவதால், குளிர்ந்த ஏப்ரல் காலையில் அந்த வாயில் மட்டும் நீர் இரண்டு மூன்று பாகை கூடுதலாக இருக்கும், மீனும் அங்கே ஒண்டியிருக்கும்.

துணையோடையின் பெருமையைக் காண ரோஸ்கோவைவிட ஃபினீஷியா ஊர்ப் பக்கத்து ஈஸோப்பஸ் ஓடைக்குப் போகச் சொல்வேன். அஷோகன் நீர்த்தேக்கத்தில் வளரும் ரெயின்போ ட்ரௌட்டுகள் வசந்தத்தில் முட்டையிட ஈஸோப்பஸுக்குள் ஏறி, அங்கிருந்து உட்லண்ட் வேலி ஓடை போன்ற கிளைகளுக்குள் நுழைகின்றன. கலிபோர்னியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொண்டுவரப்பட்ட இனம் இன்று தானாகவே பெருகுகிறது. மழை பெய்து நீர் சற்று உயர்ந்து கலங்கலோடு ஓடும் இரண்டாம் நாள் அவை நகரும். அப்போது உலர் ஃப்ளைக்கு வேலையில்லை, 12-ஆம் எண் முள்ளில் கட்டிய கனத்த நிம்ஃப் ஒன்றும், அதற்குக் கீழே ஒன்றரை அடியில் சிறியது ஒன்றும் அடியைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். ஈஸோப்பஸ் கலங்கியிருந்தால் மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. 1924-ல் முடிந்த 18 மைல் சுரங்கக் கால்வாய் ஒன்று மலைக்கு அப்பாலுள்ள ஸ்கோஹரி நீர்த்தேக்கத்தின் நீரை அல்லாபன் என்னுமிடத்தில் இதற்குள் கொட்டுகிறது. செங்களிமண் அதனோடும் வரும். சுரங்க வாய்க்கு மேலே போனால் தெளிவு கிடைக்கும்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். ஆழமற்ற சரளையில், சுற்றிலும் பாசி படிந்திருக்க நடுவில் மட்டும் கழுவிவிட்டதுபோல வெளிறிய ஒரு வட்டம் தெரிந்தால், அது மீன் வாலால் தோண்டிய முட்டைக்குழி. அதில் கால் வைக்காதீர்கள். அதன் மேல் நிற்கும் இணை மீன்களுக்குத் தூண்டில் போடாதீர்கள். மிக எளிதில் சிக்கும் என்பதற்காகவே அதைச் செய்பவர்களை நான் மீன்பிடிப்பவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னும் மேலே, தாண்டிக் குதிக்கக்கூடிய அளவுள்ள ஓடைகளில் வாழ்வது புரூக் ட்ரௌட். இந்த மலைகளின் உண்மையான குடிமக்கள் இவைதாம். நியூயார்க்கின் மாநில மீனும் இதுவே. 19-ஆம் நூற்றாண்டில் தோல் பதனிடும் ஆலைகள் பட்டைக்காக ஹெம்லாக் மரங்களை வெட்டித் தீர்த்ததில் நிழல் போய், நீர் சூடேறி, இவை கீழாறுகளை இழந்தன. 1883-ல் ஜெர்மனியிலிருந்து வந்த முட்டைகளைக் கொண்டு மீன்வளர்ப்பாளர் ஃபிரெட் மேதர் லாங் ஐலண்டில் பிரவுன் ட்ரௌட்டைப் பொரிக்கவைத்தார். சற்றே சூடான நீரையும் தாங்கும் அந்த மீன்தான் இன்று பீவர்கில்லில் உங்களைத் திருப்பியனுப்பியது. நீலகிரியின் அவலாஞ்சியில் பண்ணை வைத்து ஓடைகளில் விடப்பட்ட ட்ரௌட்டும் இதேபோல் குடியேறியதுதான். புரூக் ட்ரௌட் ஒரு சாண் இருந்தால் பெரிது. உள்ளங்கையில் ஈரத்தோடு ஒரு கணம் ஏந்தினால் ஆலிவ் நிற முதுகில் புழு அரித்ததுபோன்ற கோடுகளும், நீல வளையமிட்ட சிவப்புப் புள்ளிகளும், துடுப்பு விளிம்பில் சுண்ணாம்பு தீட்டியது போன்ற வெள்ளைக் கரையும் தெரியும். அதற்கு ஃப்ளையின் பெயர் முக்கியமில்லை. உங்கள் நிழல் விழாமல் இருப்பதுதான் முக்கியம். கீழிருந்து மேல்நோக்கி, குனிந்தபடி வாருங்கள்.

வீச்சு பற்றிச் சுருக்கமாக. நம்மூரில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும்; இங்கே ஃப்ளைக்குக் கனமே இல்லை, நூல்தான் கனம். 5-ஆம் எண் நூல் என்றால் அதன் முதல் 30 அடி 140 கிரெய்ன், ஏறக்குறைய 9 கிராம் எடை என்று பொருள். அந்தக் கனம் பின்னால் முழுதாக நீண்டு கோலை வளைத்த பிறகே முன்னால் வீச வேண்டும். அவசரப்பட்டால் சாட்டைபோலச் சொடுக்கி ஃப்ளை அறுந்து போகும். ஒன்பது அடிக் கோல், 5-ஆம் எண் நூல், அதன் நுனியில் ஃப்ளையைக் கட்ட ஒன்பது அடி லீடர் என்னும் மெல்லிய நரம்பு ஆகியவை ரோஸ்கோவுக்குப் போதும். தூரம் வீசுவதைக் காட்டிலும், விழுந்தபின் ஃப்ளை நீரோட்டத்தின் வேகத்திலேயே இழுபடாமல் போகவைப்பதுதான் கலை. நூல் வேகமான நீரில் கிடந்தால் அது ஃப்ளையை இழுத்து, பின்னால் ஒரு சிறு கோட்டை வரையும். எந்தப் பூச்சியும் நீரில் கோடு கிழிப்பதில்லை என்பது பிரவுன் ட்ரௌட்டுக்குத் தெரியும். நூல் விழுந்த உடனே கோல் நுனியால் அதன் நடுப்பகுதியை நீர் வரும் திசைக்குப் புரட்டிப்போடுங்கள். குளிர்நீரில் நிம்ஃப் போடும்போது வேகமும் மந்தமும் சந்திக்கும் கோட்டுக்கு உட்புறம், மந்தத்தில் போடுங்கள். பத்து வீச்சுக்கு ஒருமுறையாவது அடிக்கல் தட்டாவிட்டால் கனம் போதவில்லை. நியூயார்க்கில் சிறு ஈயக்குண்டுகளை விற்கத் தடை உள்ளதால் தகரக் குண்டு கேட்டு வாங்குங்கள்.

இடுப்பளவு நீரில் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குக் கவலை. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரலில், இன்னும் இரண்டே அடி போனால் அந்தப் பாறையை எட்டிவிடலாம் என்று வைத்த காலடியில் உருளைக்கல் புரண்டு, இருபது கெஜம் உருட்டிச் செல்லப்பட்டேன். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டியிருந்ததால் வேடர்ஸ் என்னும் நீர்புகாக் கால்சட்டைக்குள் நீர் நிறையவில்லை. ஆனால் கரையேறியபின் விரல்கள் காரின் சாவியைத் திருப்பவில்லை. அதன்பின் ஊன்றுகோல் இல்லாமல் இறங்குவதில்லை. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் நீரளவி குக்ஸ் ஃபால்ஸில் உள்ளது; புறப்படும் முன்பே இணையத்தில் பார்க்கலாம். அங்கே நொடிக்கு 1000 கன அடிக்கு மேல் காட்டினால் நான் பீவர்கில்லில் கால் வைப்பதில்லை, துணையோடைக்குத் திரும்பிவிடுவேன். கரைப் புற்களில் உண்ணிகள் ஏப்ரலிலேயே விழித்துவிடும்; லைம் நோயைப் பரப்புபவை என்பதால் வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பைத் தடவிப் பாருங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உரிமம் கட்டாயம். 2021 முதல் நியூயார்க்கின் பெரும்பாலான ட்ரௌட் ஓடைகளில் ஆண்டு முழுவதும் மீன்பிடிக்கலாம். அக்டோபர் 16 முதல் மார்ச் 31 வரை செயற்கை இரை மட்டும், பிடித்ததை விட்டுவிட வேண்டும். ஆகவே முன்பு பருவம் திறக்கும் நாளாக இருந்த ஏப்ரல் 1, இப்போது பெரும்பாலும் திருவிழா நாள்தான். வில்லோவீமோக் பீவர்கில்லோடு கலக்கும் ஜங்ஷன் பூலில் அன்று கூட்டம் கூடும்; எந்த ஆற்றில் ஏறுவது என்று முடிவுசெய்ய முடியாமல் அங்கேயே நின்றுவிட்ட இரட்டைத்தலை ட்ரௌட்டின் கதையையும் யாராவது சொல்வார்கள். பிடித்ததை விட்டாக வேண்டிய பகுதிகள் இரு ஆறுகளிலும் உண்டு, பலகைகளைப் படியுங்கள். கரை தனியாருடையதாக இருந்தாலும், 1935 முதல் மாநிலம் நில உரிமையாளர்களிடம் வாங்கிவரும் நடைபாதை உரிமை உள்ள இடங்களில் மஞ்சள் பலகை இருக்கும்; வழக்கமாகக் கரையிலிருந்து 33 அடி அகலம். பலகை இல்லாத சிற்றோடையில் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு இறங்குவதே முறை. எனக்கு மறுத்தவர்களைவிட, எந்த மடுவில் மீன் இருக்கிறது என்று கைகாட்டியவர்களே அதிகம்.

இந்த ஆண்டே மறுபடியும் போங்கள். ஏப்ரல் கடைசி வாரத்தில், முந்தைய மூன்று நாட்களில் பெருமழை பெய்யாத, மேகமூட்டமான ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் புறப்பட்டால் போதும். பழைய 17-ஆம் எண் சாலையோரம் உள்ள மடுக்களில் ஒன்றில், முழங்காலுக்கு மேல் நீர் ஏறாத இடமாகப் பார்த்து, ஒன்றரை மணிக்கு வெப்பமானியை இறக்குங்கள். 50-க்கு மேல் காட்டினால் லீடர் நுனியில் 14-ஆம் எண் ஹெண்ட்ரிக்சனைக் கட்டிக்கொண்டு, வீசாமல், கரைக்கல்லில் உட்கார்ந்து எதிர்க்கரை நிழலைப் பார்த்துக்கொண்டிருங்கள். முதல் மூக்கு எழும்போது எழுந்தால் போதும்.